மூடி மாறிய நிம்மதி

பேருந்து தடுப்புச்சுவரின் மேல் ஏறி நின்று ஒரு வாரம் ஆகிவிட்டது. யாருக்கும் அடிபடவில்லை. சுவரோரம் அழகுக்கு வைத்திருந்த அரளித் தொட்டிகள் மட்டும் உடைந்தன. தொட்டி போனால் வேறு வாங்கிக்கொள்ளலாம். ஆனால் பட்டப்பகலில், வளைவே இல்லாத சாலையில், ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே தூங்கிப்போனவர் அதற்கு என்ன பதில் சொல்வார்?

அந்தப் பதிலைத்தான் ஓட்டுநர் இன்று பிற்பகல் டிப்போ மேனேஜர் முன்னால் நின்று சொல்லியாக வேண்டும். நம்பும்படி சொன்னால் மறுபடி வண்டி. இல்லாவிட்டால் ஷெட்டில் பஸ் கழுவும் வேலை, ஓய்வு பெறும்வரை.

"கழுவுறதும் பஸ்தானேடா?" என்று அண்ணன் ஆறுதல் சொல்லியிருந்தார். சொன்னவர் தன் வாழ்நாளில் குடித்த தம்ளரைக்கூடக் கழுவியதில்லை.

அந்த அண்ணனை வீட்டில் எல்லோரும் டைரக்டர் என்பார்கள். ஏதோ ஒரு துறையில் இணை இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற அன்றே அந்த 'இணை' காணாமல் போய்விட்டது, தேடுவாரும் இல்லை. கையெழுத்துப் போடக் கோப்புகள் கிடைக்காததால் கை அரித்து, கடைசியில் இலைகளைப் பிடித்துக்கொண்டார்.

மொட்டை மாடியில் பழைய பெயிண்ட் வாளிகளில் புதினா, துளசி, எலுமிச்சைப்புல், ஓமவல்லி, சாமந்தி. கைப்பிடிச் சுவரில் சங்குப்பூக் கொடி. இதெல்லாம் தலைமையகம். வாரம் ஒருமுறை தொப்பியும் கைத்தடியுமாகக் கிளம்பி, ரயில் பாதை வேலியில் படர்ந்து கிடக்கும் பூனைக்காலிக் கொடியையும், வாய்க்கால் கரையில் முளைக்கும் புளியாரையையும் துணிப்பை நிறையப் பறித்து வருவார். இதற்குக் 'களப்பணி' என்று பெயர். பறித்ததை அலசி, கூடத்தில் பழைய செய்தித்தாளைப் பரப்பி, மின்விசிறியடியில் உலர்த்துவார். உலரும்வரை வீட்டில் யாரும் கூடத்தைக் குறுக்கே கடக்கக் கூடாது. அது அரசாணை.

உலர்ந்த இலைகள் நொறுக்கப்பட்டு ஒரே மாதிரியான கண்ணாடி ஜாடிகளுக்குள் போகும். இங்கேதான் டைரக்டரின் மேதைமை. எந்த ஜாடியிலும் செடியின் பெயர் இருக்காது.

"செடியோட பெயர் சந்தைக்காரனுக்கு. பலனோட பெயர்தான் அறிவாளிக்கு" என்பார்.

ஆகவே ஜாடிகளின் பெயர்கள்: உற்சாகம். தெளிவு. பொறுமை. நிம்மதி. அலமாரியைத் திறந்தால் நாலு நற்குணங்கள் வரிசையாக நிற்கும். எது யாருக்கு என்பதையும் அவரே முடிவு செய்வார். காலை நேர ஓட்டுநருக்கு உற்சாகம். தனக்குத் தெளிவு. தம்பி மனைவிக்குப் பொறுமை. தன் மனைவிக்கு, இரவு படுக்கப்போகும் முன், நிம்மதி. வீட்டுக்குள் இங்கிலீஷ் மருந்து நுழையத் தடை. தலைவலி மாத்திரை வாங்குவதென்றால்கூட ஏதோ கள்ளக்கடத்தல் போல முந்தானையில் முடிந்துகொண்டு வரவேண்டும்.

இவ்வளவு செய்தவருக்கு மூக்கடைப்பு மட்டும் முப்பது வருஷமாகத் தீரவில்லை. எந்த டீயின் வாசமும் அவருக்குத் தெரியாது. அதைப் பற்றி யாரும் பேசுவதும் இல்லை.

இன்று காலையும் சமையலறை மேடையில் மூன்று கோப்பைகள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு தட்டு கவிழ்ந்திருந்தது.

"மூடி வச்சு ஊற விடணும். திறந்து வச்சா சாரம் ஆவியாப் போயிடும்" என்றார் டைரக்டர், தினமும் சொல்வதுபோலவே.

பொறுமையை வாங்கிக்கொள்ள வந்து நின்றாள் சின்னவள். ஓட்டுநரின் மனைவி. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் கிளெய்ம் பிரிவு. அதாவது, சந்தேகப்படுவதற்கு மாதச் சம்பளம் வாங்குகிறவள். எரிந்த கடையைப் பார்த்தால் மற்றவர்கள் 'அடப்பாவமே' என்பார்கள். அவள் 'சரக்கு உள்ளே இருந்ததா?' என்பாள்.

ஒரு வாரமாக அவள் மனசுக்குள் ஒரு முள். கணவர் வீட்டிலேயே இருக்கிறார். காலை டீயைக் குடித்துவிட்டுச் சோபாவில் சாய்ந்தால் மத்தியானம்வரை எழுவதில்லை. வேலை போய்விடுமோ என்ற கவலைதான் இப்படி அழுத்துகிறது என்று எல்லோரும் நினைத்தார்கள். அவளும் நினைத்தாள். ஆனால் முந்தாநாள் டைரக்டர் விடியற்காலையே களப்பணிக்குப் போய்விட, காலை டீ இல்லை. அன்றைக்கு முழுக்க மனுஷர் கொட்டக்கொட்ட விழித்திருந்து, பரணில் கிடந்த மேசை விசிறியைப் பிரித்துப் பழுதுபார்த்தார்!

கவலை என்ன, டீ இல்லாத நாளில் விடுமுறை எடுக்குமா?

இன்னொன்றும் இருந்தது. டைரக்டரின் மகளுக்கு வெளியூரில் ஒரு பெரிய இடத்துச் சம்பந்தம் பேசி வருகிறார்கள். மாப்பிள்ளை வீட்டார், பெண்ணின் சித்தப்பா என்ன செய்கிறார் என்று கேட்டபோது டைரக்டர் சொன்ன பதிலை அவள் தன் காதால் கேட்டாள்.

"போக்குவரத்துத் துறையில முக்கியப் பொறுப்பு."

பொய் என்று சொல்ல முடியாது. அறுபது உயிர்களை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு ஓட்டுவது முக்கியப் பொறுப்புதான். ஆனால் அன்றிலிருந்தே அவர் தம்பியை விடவில்லை. "அந்தக் காக்கியை உதறு. எனக்குத் தெரிஞ்ச ஆபீஸ்ல நாற்காலி இருக்கு, வந்து உட்காரு." தம்பியோ, "எனக்கு நாற்காலின்னா அது டிரைவர் சீட்டுதான் அண்ணா" என்று சிரித்துவிட்டுப் போனார்.

நாற்காலிக்கு வரமாட்டேன் என்கிறவன் வண்டியிலிருந்து இறக்கப்பட்டால்? அப்புறம் வரத்தானே வேண்டும்?

நினைக்கவே மனசு கூசியது. கூசினாலும் நினைப்பை நிறுத்தவில்லை. பழக்கதோஷம்.

"மாமா, வாசல்ல யாரோ கூப்பிடுற மாதிரி இருக்கு" என்றாள்.

டைரக்டர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு போனார். தன்னை யாராவது கூப்பிட மாட்டார்களா என்று ஏங்குகிறவரை ஏமாற்றுவது மிகச் சுலபம். அவர் திரும்புவதற்குள் சின்னவள் உற்சாகத்தை நகர்த்தித் தெளிவு இருந்த இடத்தில் வைத்தாள். தெளிவு உற்சாகத்தின் இடத்துக்குப் போனது.

"யாரும் இல்லையே?"

"போயிட்டாங்க போல மாமா."

டைரக்டர் கோப்பையை எடுத்து ஒரு வாய் உறிஞ்சினார். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். தெரிந்தே கலந்தவராக இருந்தால் நாக்கில் பட்டதும் முகம் மாற வேண்டும். மாறவில்லை. இன்னொரு வாய்.

"ஆகா! தெளிவு! உள்ளே போன உடனே மூளையில விளக்குப் போட்ட மாதிரி ஆயிடுது பாத்தியா?"

"பாக்கிறேன் மாமா" என்றாள் சின்னவள். பார்த்துக்கொண்டேதான் இருந்தாள்.

மறுநாள் குடியிருப்போர் சங்கத்தில் டைரக்டர் உரையாற்றுவதாக இருந்தது. தலைப்பு, 'மூலிகைத் தேநீரும் மக்கள் விழிப்புணர்வும்'. அதற்கான ஒத்திகை கூடத்தில் தொடங்கியது. பார்வையாளர்கள்: தம்பி, தம்பி மனைவி, சுவரில் சாய்ந்து கொத்தவரை நறுக்கிக்கொண்டிருந்த அவருடைய மனைவி. அந்த அம்மாளைப் பெரியவள் என்போம். பேச்சில் அவளுக்கு அதிக நம்பிக்கை கிடையாது. வீட்டில் பேசுவதற்குத்தான் ஒருவர் இருக்கிறாரே.

"பெரியோர்களே!" என்றார் டைரக்டர். "இன்றைய மனிதன் உறங்கிக்கொண்டிருக்கிறான்..."

ஓட்டுநர் தலையைக் குனிந்துகொண்டார்.

"உன்னைச் சொல்லலடா. பொதுவாச் சொல்றேன். உறங்கிக்கொண்டிருக்கிறான். அவனைத் தட்டி எழுப்ப வேண்டியது... எழுப்ப வேண்டியது நமது..."

நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தே பேசுவதாக அறிவித்தார்.

"இயற்கை நமக்கு அளித்திருக்கும் இலைகளின் வாயிலாக... ஒரு புதிய... விழிப்... விழிப்பு..."

தாடை மார்பில் இறங்கியது. தொப்பி மடியில் விழுந்தது. 'உணர்வு' வரவேயில்லை. அதற்குப் பதில் குறட்டை வந்தது.

பெரியவளின் கத்தி கொத்தவரையில் நின்றது. "என்னங்க?" என்றாள். "என்னங்க!"

"அண்ணி, அண்ணனுக்கு ஏதாவது ஆயிடுச்சா?" ஓட்டுநர் பதறி எழுந்தார்.

"ஒண்ணும் ஆகல. நீங்க தினமும் குடிச்சதை இன்னிக்கு அவர் குடிச்சிருக்கார்" என்றாள் சின்னவள். "உங்களுக்கு இப்போ தூக்கம் வருதா?"

ஓட்டுநர் கண்ணைச் சிமிட்டிப் பார்த்தார். "இல்ல."

"வராது. நீங்க குடிச்சது தெளிவு."

கணவர் அண்ணனின் நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்க, சின்னவள் ஓரகத்தியைச் சமையலறைக்கு அழைத்தாள். ஒன்று மட்டும் தெளிவாகிவிட்டது. விஷயம் தெரிந்தவர் இப்படி மடக்கு மடக்கென்று குடித்திருக்க மாட்டார். அப்படியானால் ஜாடிகளைத் தொடும் இன்னொரு கை?

"அக்கா, ஒண்ணு கேக்குறேன். கோவிச்சுக்காதீங்க. நிம்மதி குடிச்சா உங்களுக்கு நல்லாத் தூக்கம் வருதா?"

பெரியவள் குழாயைத் திறந்து கத்தியைக் கழுவினாள். சுத்தமாக இருந்த கத்தியை.

"முன்னெல்லாம் வந்துச்சு. இப்ப கொஞ்ச நாளா இல்ல. படுத்தா கண்ணு ரெண்டும் முழிச்சுக்குது. எழுந்து ஓடணும்போல இருக்கு."

"எத்தனை நாளா?"

"மூணு வாரம் இருக்கும்."

கணவர் வண்டியில் கண் செருகுவதாகச் சொல்ல ஆரம்பித்ததும் மூன்று வாரம் முன்புதான். 'உற்சாகம் ருசி மாறிப்போச்சு அண்ணா' என்று அவர் சொன்னதற்கு, 'பருவநிலை மாறுகிறது' என்று டைரக்டர் விளக்கம் கொடுத்ததும் அப்போதுதான். சின்னவள் அலமாரியைத் திறந்து உற்சாகத்தையும் நிம்மதியையும் இறக்கினாள். திறந்து முகர்ந்தாள். நிம்மதியிலிருந்து இஞ்சியும் எலுமிச்சைப்புல்லும் மூக்கில் சுள்ளென்று ஏறின. உற்சாகத்திலோ வாடிய சாமந்தியும் காய்ந்த பூனைக்காலியும்.

"மாத்தி வச்சிருக்கு அக்கா! யாரோ வேணும்னே மாத்தி வச்சிருக்காங்க. இவர் குடிச்சதெல்லாம் உங்க நிம்மதி. நீங்க குடிச்சதெல்லாம் இவரோட உற்சாகம். யார் செஞ்சது?"

பெரியவள் ஜாடிகளைப் பார்க்கவில்லை. மூடிகளைப் பார்த்தாள். பெயர்ச் சீட்டுகள் ஜாடியில் இல்லை. மூடியின் மேல் ஒட்டியிருந்தன. கண்ணாடியில் ஒட்டினால் இலையின் அழகு மறைந்துவிடும் என்பது டைரக்டரின் கொள்கை முடிவு.

"எறும்பு வந்துச்சே, ஞாபகம் இருக்கா?" என்றாள் மெல்ல.

"எறும்பா?"

"மூடி முழுக்கத் தேன் பிசுக்கு, எறும்பு மொய்க்குதுன்னு எல்லா மூடியையும் கழட்டிக் கழுவி வெயில்ல கவுத்தியே. திருப்பி மூடினது நீதானேம்மா."

சின்னவளின் கையில் இருந்த மூடி அப்படியே நின்றது. எரிந்த கடை, காணாமல் போன நகை, நொறுங்கிய கார் என்று எத்தனையோ கேஸ்களில் விரலை நீட்டியவள். நீட்டிய விரல் இப்படித் தன் மூக்கிலேயே வந்து இடிக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

"நானா?" என்றாள்.

"யார்கிட்டயும் சொல்லல நான்" என்றாள் பெரியவள். அதைச் சொன்னபோது அவள் முகத்தில் ஆறுதலை விட அவசரம் அதிகம் இருந்தது. "எறும்புமேல போட்டுடலாம்."

ஆனால் டிப்போ மேனேஜரிடம் எறும்பை ஆஜர்படுத்த முடியாது. டைரக்டரை ஆஜர்படுத்தலாம். முகத்தில் தண்ணீர் தெளித்து, மாடிக்கும் கூடத்துக்கும் நடக்கவைத்து, அவரை நிற்கும் நிலைக்குக் கொண்டுவந்தார்கள். விஷயத்தைச் சொன்னார்கள்.

"இது என் கவனத்துக்குக் கொண்டுவரப்படவில்லை" என்றார் டைரக்டர், அரைக்கண்ணோடு.

"இப்பக் கொண்டுவந்துட்டோம் மாமா. மூடியை மாத்தினது நான். தப்பு என்னோடது. நீங்க டிப்போவுக்கு வந்து, இந்த டீ தூக்கம் வரவைக்கும், தம்பி தெரியாமக் குடிச்சிட்டான்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அவர் வேலை நிக்கும்."

"தூக்கம் வரவழைக்கும்னு நான் சொன்னா என் பெயர் என்ன ஆகும்? நாளைக்கு உரை இருக்கு."

"அண்ணா" என்றார் ஓட்டுநர். கழற்றி வைத்திருந்த காக்கிச் சட்டையை எடுத்துப் பொத்தான் போட்டுக்கொண்டார். மேல் பொத்தான் துளையில் நுழையாமல் வழுக்கிக்கொண்டே இருந்தது.

டைரக்டர் அதைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். "சரி. ஆவன செய்யப்படும்" என்றார்.

நால்வரும் கிளம்பினார்கள். துணிப்பைக்குள் ஜாடி. பெரியவள் வர வேண்டிய தேவையே இல்லை. ஆனால் ஜாடி போகிறது என்றதும் அவளும் புடவை மாற்றிக்கொண்டு வந்துவிட்டாள். சின்னவள் அதைக் கவனித்தாள். கவனித்து ஓர் ஓரமாக வைத்தாள்.

டிப்போவில் டீசல் வாடையும் ஈரத் தரையும். ஷெட்டில் ஒருவர் குழாயைப் பிடித்துப் பேருந்தின் முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். ஓட்டுநர் அந்தப் பக்கம் திரும்பாமல் நடந்தார். பெரியவள் வெளி பெஞ்சில் உட்கார்ந்துகொள்ள, மற்ற மூவரும் உள்ளே போனார்கள்.

மேனேஜருக்குப் பக்கத்தில் டிப்போ டாக்டரம்மா. ஓட்டுநர் நடந்ததைச் சொன்னார். சின்னவள் மூடிக் கதையைச் சொன்னாள். மேனேஜர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"டீ குடிச்சுத் தூங்கிட்டேன்னு சொல்ற முதல் டிரைவர் நீங்கதான். மத்தவங்கல்லாம் தூக்கம் போகத்தான் டீ குடிக்கிறாங்க."

டாக்டரம்மா ஜாடியைத் திறந்து முகர்ந்தார். "சாமந்தி வாசம் வருது. இதைக் குடிச்சா கொஞ்சம் அசதியா இருக்கலாம். பஸ்ஸைச் சுவர்ல ஏத்துற அளவுக்கெல்லாம் தூக்கம் வராது. வேற காரணம் சொல்லுங்க."

ஓட்டுநரின் முகம் வெளிறியது. ஆனால் டைரக்டரின் முகம் சிவந்தது. தன் டீயால் தூக்கம் வரும் என்று ஒப்புக்கொள்ளவே வீட்டில் அவ்வளவு தயங்கியவர், வராது என்று ஒரு டாக்டர் சொன்னதும் கொதித்துப்போனார்.

"என்னம்மா பேசுறீங்க? இது நான் தயாரிச்ச நிம்மதி! பூனைக்காலி நானே பறிச்சது. பஸ் என்ன பஸ், ரயிலையே நிறுத்தும்! இன்னிக்குக் காலையில நானே ஒரு கோப்பை குடிச்சேன். பேசிட்டிருக்கும்போதே சாஞ்சுட்டேன். கேளுங்க இவங்களை!"

"பேசிக்கிட்டிருக்கும்போதேவா?" டாக்டரம்மாவின் புருவம் ஏறியது. மேசைமேல் ஒரு வெள்ளைத்தாளை விரித்து, ஜாடியைத் தட்டிக் கவிழ்த்தார். பழுப்பு இலைத்தூள் குவிந்தது. பேனா முனையால் கிளறினார். தூளுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாகப் பொடி. அப்புறம், சரியாக நொறுங்காமல் தப்பிய ஒரு துண்டு. பாதி வட்டம். ஓரத்தில் கோடு.

"இந்தக் கோடு எந்தச் செடியில சார் காய்க்குது?"

டைரக்டர் குனிந்து பார்த்தார். பேசவில்லை. அவர் பேசாமல் இருந்ததைத் தம்பி இதுவரை பார்த்ததில்லை.

"தூக்க மாத்திரை" என்றார் டாக்டரம்மா. "ஒண்ணு ரெண்டு இல்ல. ஒரு அட்டையே நொறுக்கிப் போட்டிருக்கு. ஒருநாள் கரண்டியில கொஞ்சம் வரும், ஒருநாள் நிறைய வரும். நிறைய வந்த அன்னிக்குத்தான் சுவர்ல ஏறியிருக்கு."

மேனேஜர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "ஜாடி யாரோடது?"

"என்... என்னுடையது."

"கலக்கிக் கொடுக்கிறது?"

"நான்தான்."

"அப்ப இது டிப்போ விசாரணை இல்ல சார். போலீஸ் விசாரணை." மேனேஜரின் கை போனை நோக்கிப் போனது.

ஓட்டுநர் அண்ணனைப் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை. "அந்த ஆபீஸ் நாற்காலிக்காகவா அண்ணா?" என்றார்.

சின்னவள் டைரக்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் அவர் மடக்கு மடக்கென்று குடித்ததை நினைத்துப் பார்த்தாள். இவர் இல்லை. ஆனால் புடவை மாற்றிக்கொண்டு வந்தவள்?

கதவு திறந்தது.

"அது என்னோட மாத்திரை" என்றாள் பெரியவள். "போனைக் கீழ வைங்க தம்பி."

மேனேஜர் வைத்துவிட்டார். தம்பி என்று யாரும் அவரை டிப்போவில் கூப்பிட்டதில்லை.

"எனக்குத் தூக்கம் வரலன்னு ஆஸ்பத்திரியில எழுதிக் கொடுத்தாங்க. நிம்மதி ஜாடியில நொறுக்கிப் போட்டேன். அது நான் மட்டும் குடிக்கிற ஜாடி. மூடி மாறினது எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது." கொழுந்தனைப் பார்த்துக் கை கூப்பினாள். "என்னால உங்க உயிரே போயிருக்கும்."

"அண்ணி, கையை இறக்குங்க" என்றார் ஓட்டுநர்.

டாக்டரம்மாவுக்குத்தான் புரியவில்லை. "மாத்திரையைத் தண்ணில போட்டு முழுங்க வேண்டியதுதானேம்மா? எதுக்கு டீத்தூள்ல?"

பெரியவள் கணவரைப் பார்க்காமல் சொன்னாள்.

"தனியா முழுங்கினா நான் அவரை ஏமாத்துற மாதிரி இருக்கும். டீயில போட்டா அவரே என்னைக் குணப்படுத்துற மாதிரி இருக்கும். போற இடமெல்லாம் என் டீயாலதான் இவ தூங்குறான்னு பெருமையாச் சொல்லிக்கிட்டிருந்தார். சொல்லிட்டுப் போகட்டுமேன்னு விட்டுட்டேன்."

டாக்டரம்மா தாளிலிருந்த தூளை மறுபடி ஜாடிக்குள் தட்டிப் போட்டு மூடினார்.

பிறகு நடந்தவை சீக்கிரம் நடந்தன. டாக்டரம்மா ரத்தம் எடுத்தார். மருந்து உடம்பிலிருந்து இறங்கியதும், வரும் திங்கட்கிழமை முதல் மறுபடி வண்டி என்றார் மேனேஜர். ஒரே ஒரு நிபந்தனை: வீட்டிலிருந்து எந்தக் கோப்பையிலும் எந்தக் குணமும் குடிக்கக் கூடாது. தண்ணீர் மட்டும். ஓட்டுநர் தலையாட்டினார். வெளியே வந்ததும் ஷெட்டில் கழுவி நிறுத்தியிருந்த பேருந்தின் முன்கண்ணாடியை உள்ளங்கையால் ஒருமுறை தேய்த்துவிட்டு வந்தார்.

வீடு திரும்ப டாக்சி பிடித்தார்கள். ஓட்டுநர் முன்னால், பழக்கப்படி சாலையைப் பார்த்துக்கொண்டு. பின்னால் சின்னவள், பெரியவள், டைரக்டர். டைரக்டர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். பாவம் மனுஷர் என்று சின்னவளுக்கே தோன்றியது. காலையில் அவர்மேல் என்னவெல்லாம் சந்தேகப்பட்டோம்! மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள்.

அதற்குள் டைரக்டர் பேசினார். ஜன்னலைப் பார்த்தபடியே.

"அப்படின்னா... இந்த மூணு வாரமா நீ ராத்திரியில தூங்கவே இல்லையா?"

சின்னவள் வாயை மூடிக்கொண்டாள்.

மனைவி ஏன் மாத்திரை சாப்பிட்டாள் என்று கேட்கவில்லை. உடம்புக்கு என்ன என்று கேட்கவில்லை. தன்னிடம் மறைத்தது ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. சின்னவள் தன் கிளெய்ம் பிரிவில் இந்த மாதிரி ஆட்களைப் பார்த்திருக்கிறாள். கடையில் திருட்டுப் போயிருக்கும். என்ன போச்சு என்று கேட்கமாட்டார்கள். கேமரா ஓடிக்கொண்டிருந்ததா என்று கேட்பார்கள்.

"தூங்கினேனே" என்றாள் பெரியவள், சாதாரணமாக. "நல்லாத் தூங்கினேன். நிம்மதி குடிச்சேன்ல."

சொன்னவளின் கை, புடவை மடிப்புக்கடியில் சின்னவளின் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் டைரக்டர் மாடிக்குப் போய்விட்டார். சமையலறையில் சின்னவள் கேட்கும்வரை பெரியவள் காத்திருக்கவில்லை.

"ராத்திரியில செடிக்குத் தண்ணி ஊத்தணும்னு தினமும் மாடிக்குப் போவார். எப்பவும் நான் தூங்கிட்டிருப்பேன். தெரியாது. இந்த மூணு வாரம் முழிச்சுக் கிடந்தேன். தண்ணி ஊத்துற சத்தமே கேக்கல. பேச்சுச் சத்தம் கேட்டுச்சு. போன்ல."

"யார்கிட்ட அக்கா?"

"தெரியல. ஒரே ஒரு நாள் படியேறிப் போய்க் கதவுக்கிட்ட நின்னேன். ஒண்ணுதான் காதுல விழுந்துச்சு." பெரியவள் குரலைத் தணித்தாள். "'பயப்படாதே, அவளுக்கு நிம்மதி கொடுத்துத் தூங்க வச்சாச்சு'ன்னு சொன்னார்."

மாடிப்படியில் செருப்புச் சத்தம். இருவரும் விலகி நின்றார்கள்.

டைரக்டர் கையில் ஒரு கோப்பையோடு வந்தார். மேலே தட்டு கவிழ்ந்திருந்தது. மாடியில் அவர் கொடிகளை நறுக்கும் மேசையில் ஒரு சின்ன மின் கெட்டில் உண்டு. அலமாரி ஜாடிகளைத் தொடாமல் அங்கேயே கலந்திருக்கிறார். முகத்தில் அன்பு வழிந்தது. கொஞ்சம் அதிகமாகவே வழிந்தது.

"ரொம்ப அலைஞ்சுட்ட இன்னிக்கு. உனக்காகப் புதுசா கலந்தேன். பச்சை இலை. ஒரு மாத்திரையும் வேண்டாம். குடி, ஒரே தூக்கமாத் தூங்கிடலாம்."

பொழுது இன்னும் சாயக்கூட இல்லை.

பெரியவள் கோப்பையை வாங்கிக்கொண்டாள். டைரக்டர் நகரவில்லை. அவள் குடித்து முடிக்கும்வரை நிற்பவர்போல நின்றார். அவள் தட்டை எடுத்தாள். ஆவி முகத்தில் படர்ந்தது. கண்ணை மூடி வாசம் பிடித்துப் பார்த்தாள். பிறகு கோப்பையை அவர் பக்கமே நீட்டினாள்.

"நீங்க முதல்ல ஒரு வாய் குடிங்க."

டைரக்டர் ஒரு எட்டு பின்னால் போனார்.

"நான் தெளிவு மட்டும்தான் குடிப்பேன்னு உனக்குத் தெரியாதா?" என்றார்.